அச்சில் பிறந்ததா, அடியில் பிறந்ததா?

பழைய காசு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்க வெள்ளி டாலரைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான்: "எழுத்து இரட்டையாகத் தெரிகிறது, இது விலை போகுமா?" ஆகவே இந்த இதழின் பக்கங்களை டாலருக்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திருநெல்வேலி டவுனில் நகைப் பட்டறைகளுக்கு அச்சு வெட்டிக் கொடுப்பது என் தொழில். தாலி, பதக்கம், காசுமாலைக்கான காசு எல்லாம் எஃகில் வெட்டிய அச்சிலிருந்துதான் வருகின்றன. நாணயங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

அண்ணாச்சி, என் தாத்தா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியில் 1888 என்று போட்ட அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று இருந்தது. பின்பக்கம் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. அந்த வருடக் காசில் பெண்ணின் உதடு இரட்டையாக இருந்தால் பெரிய விலை என்று கேள்விப்பட்டேன். என் காசில் வருடமும் தலைக்கு மேலே உள்ள லத்தீன் எழுத்துகளும் இரட்டையாகத் தெரிகின்றன. படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், களக்காடு

தம்பி, படங்களைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். அது மார்கன் டாலர். ஜார்ஜ் மார்கன் என்ற செதுக்குநர் வடித்ததால் அந்தப் பெயர். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-இலும் அடித்தார்கள். 'ஓ' என்பது நியூ ஆர்லியன்ஸ் நாணயசாலையின் குறி. நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மைதான்: 1888 'ஓ' காசுகளில் ஒரு வகையில் உதடு, மூக்கு, முகவாய் எல்லாம் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். அவற்றில் கிடைப்பவை பெரும்பாலும் புழங்கித் தேய்ந்த காசுகள். தேய்ந்தும்கூட அந்த உதடு மறைவதில்லை. உங்கள் காசில் உதடு ஒற்றைதான். எழுத்துகளில் தெரியும் இரட்டை அச்சில் பிறந்தது அல்ல, அடியில் பிறந்தது. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் எஃகில், காசைப் போலவே புடைத்து நிற்கும் ஒரு மூலம் செய்வார்கள். அதற்கு ஹப் என்று பெயர். அதை இளக்கமான எஃகுத் துண்டின்மேல் வைத்து அழுத்தினால் குழிந்த அச்சு கிடைக்கும். அந்த அச்சால் வெள்ளி வில்லையை அடித்தால் புடைத்த காசு. மார்கன் காலத்தில் ஒரே அழுத்தில் ஹப் முழு ஆழத்துக்கு இறங்காது. ஒருமுறை அழுத்தியதும் எஃகு இறுகிவிடும். உலையில் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி இளகியபின் ஹப்பை அதே இடத்தில் பொருத்தி இரண்டாம் முறை அழுத்த வேண்டும். அந்த 'அதே இடம்' பிசகினால் தீர்ந்தது. பதக்க அச்சில் எங்களுக்கும் இதே பாடுதான். மயிரிழை விலகினாலும் லட்சுமியின் விரல்கள் இரட்டையாகிவிடும். அப்படி ஆன அச்சை நாங்கள் உடைத்துப் போடுவோம். அங்கே வேலை அவசரத்தில் சில அச்சுகள் கண்ணில் படாமல் இயந்திரத்துக்குப் போய்விட்டன. போனபின் அந்த அச்சு தேயும்வரை அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில், அதே அளவில் விழும். சேகரிப்பவர்கள் 'டபுள் டை' என்று தேடுவது இதைத்தான். அச்சு இரட்டிப்பு என்று நான் எழுதுகிறேன்.

உங்கள் காசில் நடந்தது வேறு. அச்சு சரியான அச்சுதான். இயந்திரத்தில் அது இறுக்கமாகப் பூட்டப்படாமல் சற்று ஆடியிருக்கிறது. அடி விழுந்த கணத்தில், அச்சு காசைவிட்டு விலகும் முன்னால், பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்து, புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக நசுக்கிவிட்டது. இதை அடி இரட்டிப்பு என்கிறேன். ரப்பர் முத்திரையை வைத்துப் பாருங்கள்: முத்திரையையே இரட்டை எழுத்தாக வெட்டியிருந்தால் அது அச்சு இரட்டிப்பு. நல்ல முத்திரையைக் குத்தும்போது கை நகர்ந்தால் அது அடி இரட்டிப்பு. இரண்டாவது, குத்தும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும். அதனால்தான் சேகரிப்பவர்கள் அதற்குத் தனி விலை கொடுப்பதில்லை.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். மேலே லத்தீன் வாசகத்தின் கடைசிச் சொல் 'யூனம்'. அதன் கடைசி எழுத்தைப் பாருங்கள். இடது காலின் உச்சி உருண்டு, வழக்கமான உயரத்தில் இருக்கிறது. அதன் வலது ஓரத்தில், காசின் தரைக்கு, அதாவது எழுத்தில்லாத வெறும் பரப்புக்கு, மிக அருகே ஒரு படிக்கட்டு தெரிகிறது. அந்தப் படி தட்டையாக, கத்தியால் சீவியதுபோல் பளபளக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கால் வழக்கத்தைவிட ஒல்லியாக இருக்கிறது. நகர்ந்த அச்சு எழுத்தின் உடம்பிலிருந்தே சதையை எடுத்துப் படியாக்கியிருக்கிறது. எழுத்து ஒல்லியானால், இரண்டாவது உருவம் தாழ்வாகவும் தட்டையாகவும் இருந்தால், அது அடி இரட்டிப்பு.

அச்சு இரட்டிப்பில் எழுத்து ஒல்லியாகாது. வழக்கமான அகலமோ அதற்கு மேலோதான் இருக்கும். இரண்டு உருவங்களும் உருண்டு, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். எழுத்தின் கால் நுனிகளில் இருக்கும் சிறிய கொண்டிகளின் மூலையில் இங்கிலீஷ் 'வி' போல ஒரு வெட்டு விழுந்திருக்கும். சில இடங்களில் எழுத்தின் நடுவே கோடு ஓடி அதை இரண்டாகப் பிளந்ததுபோல் காட்டும். நான் முதலில் தேடுவது இந்த மூலை வெட்டைத்தான். படிக்கட்டு கண்ணை ஏமாற்றும், மூலை வெட்டு ஏமாற்றுவது அபூர்வம்.

பார்க்கும் முறையும் முக்கியம். கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸ் போதும். அதற்குமேல் பெருக்கினால் தூசியும் அதிசயமாகத் தெரியும். விளக்கு ஒன்றே ஒன்று, பக்கவாட்டில் இருக்கட்டும். டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார வேண்டாம், அதன் நீண்ட ஒளி காசில் பட்டு இல்லாத கோட்டைக் காட்டும். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். அடி இரட்டிப்பின் தட்டைப் படி ஒரு கோணத்தில் சட்டென்று மின்னி, அடுத்த கோணத்தில் அணைந்துவிடும். அச்சு இரட்டிப்பு எந்தக் கோணத்திலும் தன் வடிவத்தை விடாது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அச்சு வெகுநாள் உழைத்துக் களைத்துவிட்டால், எழுத்தின் ஓரம் கரைந்து நிழல்போல ஒரு மங்கல் உருவம் எழும். சுற்றியுள்ள தரையும் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். அது தேய்மானம். அதற்கும் தனி விலை இல்லை.

உங்கள் காசில் 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. புதிதாக இருந்தபோது எடை 26.73 கிராம், அதில் சுத்த வெள்ளி 24 கிராம் சொச்சம். வெள்ளி விலைக்குமேல் சேகரிப்பாளர் விலையும் உண்டு. இரட்டை உதடு இல்லையென்று அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

1879 'எஸ்' டாலர் வைத்திருக்கிறேன். அந்த 'எஸ்' எழுத்து மட்டும் இரட்டை. இதுவும் அச்சு இரட்டிப்பா?
– வாசகர், மேலப்பாளையம்

'எஸ்' என்பது சான் ஃபிரான்சிஸ்கோ நாணயசாலையின் குறி. அந்த எழுத்து மட்டும் என்றால் வேறு கணக்கு. அந்தக் காலத்தில் நாணயசாலைக் குறி ஹப்பில் இருக்காது. அச்சு தயாரானபின் ஒரு சிறிய எஃகுத் துளைப்பானை அச்சின்மேல் வைத்துச் சுத்தியலால் கையால் அடித்து இறக்குவார்கள். முதல் அடி சாய்ந்துவிட்டால், திருத்தி இன்னொரு அடி. பழைய அடியின் மிச்சம் அச்சிலேயே தங்கிவிடும். மார்கன் டாலரில் வருடத்தின் எண்களும் 1904 வரை இப்படித் தனியே இறக்கப்பட்டவைதான். அதனால் 'எண் மறு அடி', 'குறி மறு அடி' என்று இரண்டு தனி வகைகள் இருக்கின்றன. இவையும் அச்சில் பிறந்தவையே, சேகரிப்பவர்கள் மதிப்பார்கள்.

உங்கள் 'எஸ்'ஸின் உட்குழிவில், மேலும் கீழும், உருண்ட ஒரு மிச்சம் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். உருண்டிருந்தால் மறு அடி. ஓரத்தில் தட்டைப் படி என்றால் மேலே களக்காட்டுத் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். குறி தனியாக நிற்கும் சின்ன எழுத்து என்பதால் அடி இரட்டிப்பு அதில் எடுப்பாகத் தெரியும். பலரும் ஏமாறும் இடம் இது.

இந்த வகையில் என் மனதைக் கவர்ந்தது 1900-ஆம் வருடத்து 'ஓ'. கார்சன் சிட்டி நாணயசாலை 1893-இல் காசடிப்பதை நிறுத்திவிட்டது. அங்கே 'சி.சி.' என்று குறி போட்ட பின்பக்க அச்சுகள் மிஞ்சியிருந்தன. நல்ல எஃகை வீணாக்க மனமில்லாமல், அந்த 'சி.சி.'யின் மேலேயே 'ஓ'வை அடித்து நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். 'ஓ'வின் இரு பக்கமும் பழைய 'சி'க்களின் வளைவு இன்றும் தெரிகிறது. மூடிவிட்ட ஒரு பட்டறையின் கைரேகை இன்னொரு பட்டறையின் காசில்! அச்சுத் தொழில் செய்பவனுக்கு இதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது.

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். மாமா கொடுத்த 1878 டாலரில் கழுகின் வால் இறகுகளுக்குக் கீழே சிறிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காசு கெட்டுவிட்டதா?
– மாணவி, அம்பாசமுத்திரம்

கெடவில்லை அம்மா, பத்திரமாக வைத்துக்கொள். முதலில் கழுகுக்கு எட்டு வால் இறகு வைத்து அச்சு செய்தார்கள். அது சரியில்லை என்ற பேச்சு எழவே, ஏழு இறகாக மாற்றினார்கள். ஏற்கெனவே செய்த எட்டு இறகு அச்சுகளை எறியாமல் அவற்றின்மேலேயே ஏழு இறகு ஹப்பை அழுத்தினார்கள். பழைய இறகுகளின் நுனி புதியவற்றின் கீழே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு வேறு வேறு ஹப்புகளால் வந்த அச்சு இரட்டிப்பு இது. 1878-இல் பிலடெல்ஃபியா நாணயசாலையில் அடித்த காசில்தான் வரும். அங்கே அப்போது குறி போடும் வழக்கம் இல்லை, அதனால் பின்பக்கம் நாணயசாலைக் குறி எதுவும் இருக்கக் கூடாது. முதலில் அதைப் பார். பிறகு எத்தனை நுனி தெரிகிறது என்று எண்ணி எழுது. எண்ணிக்கையைப் பொறுத்து வகை மாறும். ஒன்பதாம் வகுப்பில் இதைக் கவனித்த உன் கண்ணுக்கு என் பாராட்டு.

காயல்பட்டினத்தில் எங்கள் பாட்டி வீட்டில் 1922 டாலர் மூன்று இருக்கின்றன, கொழும்பிலிருந்து வந்தவை. பெண் தலையைச் சுற்றிக் கதிர்கள். பின்பக்கம் எழுத்துகள் இரட்டை. மூன்றிலும் இரட்டை, ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இல்லை.
– வாசகர், காயல்பட்டினம்

கேள்வியிலேயே விடையைச் சொல்லிவிட்டீர்கள். மூன்றும் ஒரே மாதிரி இல்லை என்றால், அடி இரட்டிப்பு என்பதற்கு அதுவே வலுவான சாட்சி. இது பீஸ் டாலர். 1921 முதல் 1928 வரையும், 1934, 1935-லும் அடித்தது. அன்டோனி டி ஃபிரான்சிஸ்கி என்ற சிற்பியின் வடிவம். எடையும் வெள்ளியும் மார்கனைப் போலவே. 1922 இந்த வரிசையில் மிக அதிகமாக அடிக்கப்பட்ட வருடம். பீஸ் டாலரின் பின்பக்கத்தில் அடி இரட்டிப்பு சர்வசாதாரணம். இதில் வருடம் மூலத்திலேயே இருப்பதால் எண் மறு அடியைத் தேட வேண்டாம். குறி இருந்தால் பின்பக்கம் 'ஒன்' என்ற சொல்லுக்குக் கீழே இருக்கும், 'டி' (டென்வர்) அல்லது 'எஸ்'. அதை மட்டும் லென்ஸில் பாருங்கள்.

இரட்டிப்பு அச்சில் பிறந்தது என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது?
– வாசகர், வள்ளியூர்

அடையாளம் பார்க்க வேண்டும். லீராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மார்கன், பீஸ் டாலர்களை அச்சு அச்சாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வேம் எண்' என்பார்கள். அச்சில் பிறந்த குறை எல்லாக் காசிலும் ஒரே இடத்தில் விழும் என்றேன் அல்லவா? அதனால்தான் இப்படிப் பட்டியல் போடவே முடிந்தது. வருடத்தையும் குறியையும் வைத்து அந்த வருடத்துப் பட்டியலை எடுங்கள். இரட்டை எந்த எழுத்தில், எந்தப் பக்கமாக விலகியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். ஒரு இடம் பொருந்தினால் போதாது. அச்சின் கீறல், குறியின் சாய்வு, வருட எண்ணின் இடம் என்று மூன்று நான்கு அடையாளமாவது கூடிவர வேண்டும். பட்டியலில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. எல்லாம் விலை போகாது. 1901-இல் பின்பக்கக் கழுகே இடம் பெயர்ந்ததுபோல் வால் இறகுகள் இரட்டிக்கும் காசு ஒன்று உண்டு, அதற்குப் போட்டி இருக்கும். ஒரு எண்ணின் அடியில் மயிரிழை தெரியும் வகைக்குப் பெரும்பாலும் சாதாரண விலைதான்.

அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்த்துச் சான்று வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். வெளிநாட்டு முத்திரை என்பதால் விலக்கு இல்லை. தனியார் தம் விருப்பத்துக்கு அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. 1921 வரை அடித்த மார்கன் டாலர் எல்லாமே நூறு வருடம் தாண்டியவை. தபாலில் போடும் முன் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

அண்ணாச்சி, திருவிழாக் கடை ஒன்றில் டாலர் வாங்கினேன். உதடு, வருடம், இறகு எல்லாமே இரட்டை. கடைக்காரர் அபூர்வம் என்றார். அதிக விலை கொடுத்துவிட்டேன்.
– வாசகர், சங்கரன்கோவில்

எல்லாமே இரட்டை என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். போலி டாலர்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. மோசமாக வார்த்த போலியில் எழுத்தெல்லாம் இரட்டைபோலத் தெரிவது இயல்பு. இரட்டிப்பைப் பார்க்கும் முன் காசு அசலா என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையை யாரும் மாற்றாதீர்கள்.

காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் விஷயம் முடிந்தது. ஒட்டாவிட்டாலும் அசல் என்று ஆகிவிடாது. விட்டம் 38.1 மில்லிமீட்டர். எடை 26.73 கிராம், புழக்கத்தில் தேய்ந்து கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது. அதன்பின் தண்ணீர்ச் சோதனை. தெரிந்த நகைக்கடையில் கேட்டால் தராசு தருவார்கள். பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முழுகும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. அசல் டாலர் என்றால் 2.6 கிராம் அளவில் நிற்கும். 26.73-ஐ அதனால் வகுத்தால் 10.3 வரும், அது இந்த வெள்ளிக் கலவையின் அடர்த்தி. அதே எடையுள்ள பித்தளைப் போலி 3 கிராமுக்கு மேல் காட்டும். காசுக்கு ஒரு கீறலும் விழாது. உரைகல்லில் உரசிப் பார்க்கவோ அரத்தால் தேய்க்கவோ யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

போலி என்று தெரிந்தால் கடைக்காரரிடம் திரும்பக் கொண்டுபோய்க் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர் விற்றவர், வாங்கிய நீங்கள் அல்ல.

மாமியார் கொடுத்த டாலர் கறுத்துப்போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்து, பிறகு விபூதியால் துலக்கினேன். இப்போது பளபளவென்று இருக்கிறது. இரட்டை எழுத்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

அம்மா, மனம் வருந்தவேண்டாம், ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது சரி, நாணயத்துக்கு ஆகாது. அடி விழும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள்தான் காசைச் சாய்க்கும்போது சக்கரம்போல் சுழலும் ஒளியைக் கொடுக்கின்றன. விபூதி அந்த வரிகளைச் சீவிவிட்டது. நீங்கள் அனுப்பிய படத்தில் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது, தேய்த்த விரலின் தடம். எழுத்தின் மூலைகளும் மழுங்கிவிட்டன. 'லிபர்ட்டி' என்ற சொல்லின் பக்கத்தில் ஏதோ இருப்பதுபோல் இருக்கிறது. அது அச்சின் வேலையா விபூதியின் வேலையா என்று இனி யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கறுப்பு வெள்ளியின் இயல்பு, நோய் அல்ல. கைபடாமல் விட்டால் போதும். மெத்தென்ற பி.வி.சி. உறையில் வைத்துப் பச்சைப் பிசின் படிந்திருந்தால் மட்டும், தேய்க்காமல், சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்து உலரவிடுங்கள். அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அது சட்டென்று தீப்பிடிக்கும். உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்க்காரர்கள் மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றும் போட்டு வையுங்கள்.

அமெரிக்க டாலருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நம் ராஜா காசு ரூபாயைப் பற்றி எழுதலாமே.
– வாசகர், தென்காசி

சம்பந்தம் இருக்கிறது அண்ணாச்சி, நிறையவே இருக்கிறது. முதல் உலகப்போரின் கடைசியில் இந்தியாவில் வெள்ளி தட்டுப்பாடு. காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் நெருக்க, கொடுக்க அரசிடம் வெள்ளி இல்லை. பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் வந்தது. அதன்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை, துல்லியமாகச் சொன்னால் 27,02,32,722 காசுகளை, உருக்கினார்கள். அதில் ஏறக்குறைய 25 கோடியே 90 லட்சம் டாலர்களின் வெள்ளி, அவுன்ஸுக்கு ஒரு டாலர் விலையில், இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. நம் வீட்டுக் காசுமாலைகளில் தொங்கும் 1918, 1919 ஜார்ஜ் மன்னர் ரூபாய்கள் அந்தக் காலத்தில் பிறந்தவை.

எந்த வருடத்துக் காசு எத்தனை உருகியது என்று அங்கே கணக்கு வைக்கவில்லை. உருக்கிய டாலருக்கு ஈடாக மறுபடி அடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்ததால்தான் 1904-இல் நின்ற மார்கன் 1921-இல் திரும்பி வந்தது, பீஸ் டாலரும் பிறந்தது. எத்தனை இரட்டை உதடும் இடம்பெயர்ந்த கழுகும் உலையில் கரைந்து நம் ஊர்ச் சந்தையில் ரூபாயாகப் புழங்கினவோ! அந்தச் சிந்தனை வந்துவிட்டால் களக்காட்டுப் பெட்டியிலும் காயல்பட்டினத்துப் பெட்டியிலும் தப்பிக் கிடக்கும் ஒவ்வொரு டாலரையும் கவனித்துப் பார்க்கத் தோன்றும்.

பெண் சூலாயுதம் பிடித்து நிற்கும் டாலர் இருக்கிறது. இதுவும் அமெரிக்காவா? இரட்டிப்பு வருமா?
– வாசகர், திசையன்விளை

இல்லை. அது பிரிட்டிஷ் வணிக டாலர். 1895 முதல் 1935 வரை கீழ்த்திசை வணிகத்துக்காக அடித்தது, எடை 26.95 கிராம். பின்பக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தில் மலாயும் இருக்கும். சூலத்தின் நடு முள்ளில் 'பி' என்று பொடி எழுத்து இருந்தால் நம் பம்பாய் நாணயசாலையில் அடித்தது. இரட்டிப்புக்கு மேலே சொன்ன இலக்கணமே இதற்கும்.

சட்டைப் பொத்தான்போல முதுகில் வளையம் பற்றவைத்த மார்கன். வளையத்தை எடுத்துவிட்டு விற்கலாமா?
– வாசகர், ஏரல்

எடுக்காதீர்கள். பற்றவைத்த சூடு ஏற்கெனவே அந்த இடத்துத் தரையை மாற்றிவிட்டது. எடுத்தால் இரண்டாவது காயம்தான் மிஞ்சும். வெள்ளி விலைக்குக் குறையாது, அப்படியே இருக்கட்டும். முன்பக்கம் கெடாமல் இருந்தால் வருடத்தை லென்ஸில் பாருங்கள், மறு அடி இருந்தால் எழுதுங்கள்.

படம் அனுப்புகிறவர்கள் அனைவருக்கும்: முழுக் காசு இரு பக்கமும் ஒவ்வொரு படம், இரட்டிப்பு தெரியும் இடம் மட்டும் நெருக்கமாக இரண்டு படம், அந்த இரண்டில் விளக்கு ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். கைப்பேசியின் ஃபிளாஷ் வேண்டாம். எடையை இரண்டு தசமம் வரை எழுதுங்கள். காசை மட்டும் தபாலில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.